பள்ளம் தேடும் வாயு

எரிவாயுத் தொட்டியின் அடியில் தண்ணீர் வடிக்க இரண்டு வால்வுகள் இருக்கும், ஒன்றன்பின் ஒன்றாக. தொட்டியை ஒட்டியிருப்பதை முதலில் முழுதாகத் திறக்க வேண்டும். தள்ளியிருக்கும் இரண்டாவதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அதை வைத்துத்தான் வரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். வேலைக்குப் புதிதாக வரும் பையன்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: ஏன் இந்த வரிசை, மாற்றித் திறந்தால் என்ன? பெரும்பாலோர் "புக்குல அப்படித்தான் சார் போட்டிருக்கு" என்பார்கள். அந்தப் பதிலோடு யாரையும் தொட்டிப் பக்கம் அனுப்புவதில்லை.

காரணம் சிக்கலானதல்ல. அழுத்தத்தில் திரவமாக அடைபட்டிருக்கும் புரொப்பேன், குறுகிய திறப்பு வழியாக வெளியே வந்ததும் கொதித்து வாயுவாகிவிடும். அதன் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை அருகிலிருக்கும் இரும்பிலிருந்தும் கூட வரும் தண்ணீரிலிருந்தும் உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் வால்வுக்குள்ளேயே உறைந்து கட்டியாகும். எந்த வால்வைக் குறுக்கி வைத்திருக்கிறோமோ அதில்தான் இது நடக்கும். இரண்டாவது உறைந்து மாட்டிக்கொண்டாலும் முழுதாகத் திறந்து கிடக்கும் முதலாவது கைக்கு அடங்கும், அதை மூடிவிடலாம். முதலாவதையே குறுக்கி வைத்தவனுக்குப் பின்னால் வேறு கதவு கிடையாது.

பிரான்சில் லியோன் நகரத்தை அடுத்த ஃபெய்சான் சுத்திகரிப்பு ஆலையில் 1966 ஜனவரி 4 அன்று விடியும் முன்னே இதுதான் நடந்தது. 1,200 கனமீட்டர் கொள்ளும் உருண்டைத் தொட்டி, உள்ளே புரொப்பேன். தண்ணீர் வடித்துக்கொண்டிருந்த ஊழியர் வடிந்து முடியும் தறுவாயில் தொட்டியை ஒட்டிய மேல் வால்வை மூடி, மறுபடி லேசாகத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. முழுதாகத் திறந்தார். அடைத்திருந்த கட்டி பிய்த்துக்கொண்டு போனது, திரவம் பீறிட்டது. வால்வின் கைப்பிடி கழன்று விழுந்துவிட்டது, திரும்ப மாட்ட முடியவில்லை. கீழ் வால்வு உறைந்து அசையவில்லை. வாயு மேகம் தரையோடு தவழ்ந்து 160 மீட்டர் தள்ளியிருந்த சாலையைத் தொட்டது. அங்கே வந்த ஒரு கார் அதைப் பற்றவைத்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து பக்கத்துத் தொட்டிகளுக்கெல்லாம் தண்ணீர் அடித்தார்கள். எரியும் தொட்டிக்குத்தான் மேலே பாதுகாப்பு வால்வு இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். ஒன்றரை மணி நேரத்தில் அந்தத் தொட்டி வெடித்தது. 18 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் தீயணைப்புக்காரர்கள்.

அந்த நம்பிக்கைதான் என்னை இன்றும் உறுத்துவது. பாதுகாப்பு வால்வு அழுத்தத்தைத்தான் குறைக்கும், இரும்பைக் குளிரவைக்காது. தொட்டியின் கீழ்ப்பாதியில் திரவம் இருக்கும்வரை அந்தப் பகுதி இரும்பின் சூட்டைத் திரவம் வாங்கிக்கொள்ளும். மேல்பாதியில் உள்ளே இருப்பது வாயு மட்டுமே. தீ நாக்கு அங்கே பட்டால் இரும்பு பழுத்து இளகும். இளகிய இரும்பு, சாதாரண நாளில் அலட்சியமாகத் தாங்குகிற அழுத்தத்தைக்கூடத் தாங்காமல் கிழியும். அதனால்தான் நம் நாட்டு எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்தின் தரவிதிகள், தொட்டியின் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்புக்கும் நிமிடத்துக்கு 10.2 லிட்டர் தண்ணீர் விழ வேண்டும் என்கின்றன. தொட்டியின் மேல் ஓடும் தெளிப்பான் குழாய்களைப் பார்த்துவிட்டு, பார்வையாளர்கள் "வெயிலுக்குக் குளுமையா இருக்கவா சார்?" என்பார்கள். வெயிலுக்கும் ஆகும்தான்.

என் உத்தியோக வாழ்வின் பெரும்பகுதி டெல்டாவில், சிலிண்டர் நிரப்பும் நிலையத்தில் கழிந்தது. நாங்கள் சேமிப்பது சுத்தமான புரொப்பேன் அல்ல. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த சமையல் எரிவாயு. குணம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாகும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஒன்பதரை சதவீதத்தைத் தாண்டினால் பற்றாது. அதாவது ஒரு லிட்டர் திரவம், பற்றக்கூடிய 12,500 லிட்டர் காற்றை உண்டாக்கிவிட முடியும். வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். மேலே போகாது. தரையில் படியும், பள்ளம் பார்த்து நகரும்.

இந்தக் கடைசிக் குணத்தை டெல்டாக்காரனுக்கு விளக்கவே வேண்டாம். வெளிநாட்டு நிபுணர் எழுதிய பாடத்தில் பக்கம் பக்கமாக வரும் விஷயத்தை, எங்கள் சுற்றுச்சுவருக்கு வெளியே வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"ஒங்க கேசு தண்ணி மாதிரியா ஓடும்?" என்று கேட்டார்.

"தண்ணி மாதிரிதான் பெரியவரே. பள்ளத்தப் பாத்துதான் போகும்."

"அப்ப எங்க போயி நிக்கும்னு கம்ப்யூட்டர்ல எதுக்குத் தம்பி பாக்குறீங்க? எங்கிட்ட கேளுங்க."

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன். எந்த வரப்பு அரை முழம் தாழ்வு, எந்த மதகுக்கு அடியில் மழைநாளில் தண்ணீர் தேங்கி நிற்கும், வாய்க்கால் எங்கே சாலைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் டீக்கடைக்குப் பின்னால் வெளிவருகிறது என்றெல்லாம் காட்டினார். அந்த டீக்கடை எங்கள் வரைபடத்தில் இருந்தது. சாலைக்கு அடியில் புகுந்து போகும் குழாய்ப் பாலம் இல்லை. கோடையில் அந்த வாய்க்கால் வறண்டு கிடக்கும். ஆள் மறையும் ஆழம். வாயு இறங்கினால் காற்று தொடாது, கலைக்காது, அப்படியே டீக்கடை அடுப்புவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து கல்லணை வழியாகத் தண்ணீர் வந்து வாய்க்கால் நிரம்பிவிட்டால் அந்த வழி அடைபடும். ஆக எங்கள் ஆபத்து வரைபடம் வருஷத்துக்கு இரண்டு: தண்ணீர் வரும்முன் ஒன்று, வந்தபின் ஒன்று. இதை எந்தத் தரவிதியிலும் நான் பார்த்ததில்லை.

ஒப்புமையை ரொம்பவும் இழுக்கக் கூடாது. தண்ணீர் காற்றுக்கு அசையாது, வாயு அசையும். ஆடி மாதத்து மேல்காற்றில் ஒரு சிறு கசிவு சிதறிக் காணாமல் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து திரும்பும். அதுவரை நாம் பாதுகாப்பு என்று நினைத்த பக்கம் இப்போது வாயு போகும் பக்கம். மோசமானது மார்கழி, தை. இரவில் இலை அசையாது. சம்பா கதிர் முற்றி நிற்கும் வயல்மேல் விடியற்காலையில் மூடுபனி இறங்கும். கசியும் எரிவாயுவும் வெள்ளையாகத்தான் தெரியும். அந்த வெள்ளை வாயுவின் நிறம் அல்ல, குளிர்ச்சியில் காற்றிலிருக்கும் ஈரம் உறைந்த புகை. பனியோடு பனியாக அது தவழ்ந்தால் கண்ணால் பிரிக்க முடியாது. பகலில் தெளிவாகத் தெரியும்போதுகூட வெள்ளை முடிகிற இடத்தில் ஆபத்து முடிவதில்லை. பற்றக்கூடிய கலவை அதற்கு வெளியேயும் பரவியிருக்கும். "வெள்ளைக்குள்ள போவாதே" என்று சொல்லிக் கொடுப்பது போதாது. வெள்ளையைக் கண்டதும் காற்றின் திசை காட்டும் பையைப் பார்க்க வேண்டும், காற்றுக்குக் குறுக்காக நடந்து மேட்டுக்குப் போக வேண்டும்.

மூக்கை நம்பலாமா? எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் அடிக்கும் மெர்காப்டன் என்ற பொருளைத் துளி கலக்கிறார்கள், வீட்டில் கசிந்தால் தெரியட்டும் என்று. அதையே நாளெல்லாம் முகர்கிற எங்களுக்கு மூக்கு பழகிவிடும். புதிதாக வந்த பயிற்சிப் பையன் "சார், நாறுது" என்றால் முப்பது வருஷ அனுபவசாலி "எப்பவும் இருக்கறதுதான்" என்பார். இந்த உரையாடலில் எப்போதும் பையன் பக்கம்தான் நான். அதனால் தரையை ஒட்டி உணர்கருவிகள் வைக்கிறோம். பற்றும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே மணியடிக்கும், காற்றில் 0.4 சதவீதம்தான் அது. தவறாக அடிக்கிறது என்று அந்த மணியை யாராவது அணைத்து வைத்திருந்தால், அந்த நிலையத்தில் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டியதில்லை. நிர்வாகம் எப்படிப்பட்டது என்று அதுவே சொல்லிவிடும்.

டெல்டாவில் இன்னொரு இக்கட்டு, மழைநீர். வடகிழக்குப் பருவமழையில் வளாகத்துக்குள் தேங்கும் தண்ணீரை வெளியேற்ற வடிகால் வேண்டும். சுவரில் விடும் ஒவ்வொரு வடிகால் துளையும் வாயுவுக்கும் வாசல்தான். அதற்காகக் குழிகட்டி, குழாயை வளைத்து, தண்ணீர் நின்று அடைக்கும்படி செய்திருப்போம். மழை போகும், வாயு போகாது. நல்ல ஏற்பாடு. ஆனால் சித்திரை வெயிலில் அந்தக் குழித் தண்ணீர் ஆவியாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, மூடி போட்டிருக்கும். அதனால் கோடையில் வாரா வாரம் ஒருவர் வாளியோடு போய் ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு வர வேண்டும். கோடிக்கணக்கில் செலவழித்த பாதுகாப்பு அந்த ஒரு வாளியில் நிற்கிறது. தணிக்கைக்கு வருபவர்கள் கணினித் திரையைப் பார்ப்பார்கள், வாளியைக் கேட்கமாட்டார்கள்.

பெரிய கசிவுகள் தொட்டியில் நிகழ்வது அரிது; லாரியில்தான் அதிகம். கொச்சி, மங்களூர், எண்ணூர் என்று வரும் டேங்கர் ஒன்றில் 18 டன் இருக்கும். வண்டி வாயிலைப் பார்த்த முகமாக நிற்க வேண்டும், ஆபத்தென்றால் பின்னே எடுக்காமல் நேரே ஓட்டிப்போக. சாவி எங்கள் கைக்கு வர வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை, பேட்டரி இணைப்பு துண்டிப்பு, எர்த் கம்பி. குழாயை மாட்டியபின் வாயுவை விட்டுச் சோப்பு நுரையில் கசிவு பார்த்துவிட்டுத்தான் திரவத்தைத் திறக்கலாம். கம்ப்ரஸர் எங்கள் தொட்டியின் மேலிருக்கும் வாயுவை உறிஞ்சி லாரியின் மேல்பகுதிக்குள் தள்ளும். அந்த அழுத்தத்தில் லாரியின் திரவம் தொட்டிக்குள் இறங்கும். இதெல்லாம் ஒழுங்காக நடந்துவிடும். சிக்கல் கடைசியில்தான். சரக்கு இறங்கிய பிறகு இரண்டு வால்வுகளுக்கு நடுவே குழாயில் கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும். அதை வெளியேற்றாமல் கப்ளிங்கைக் கழற்றினால் முகத்தில் அடிக்கும். பட்ட இடம் உறைந்து வெந்ததுபோல் தோல் உரியும். அதே மிச்சத்தை மூடிய இரண்டு வால்வுகளுக்கிடையே விட்டுவிட்டுப் போனால் வெயிலில் திரவம் விரிய இடமில்லாமல் கேஸ்கெட்டைப் பிதுக்கித் தள்ளும். அந்தத் துண்டுக் குழாய்க்கென்றே சின்னதாக ஒரு பாதுகாப்பு வால்வு வைத்திருப்பது இதற்காகத்தான்.

மிகுவோட்டத் தடுப்பு வால்வு என்று ஒன்று உண்டு. குழாய் அறுந்து திரவம் பாய்ந்தால் அந்த வேகமே அதை மூடிவிடும். அறுந்தால் மட்டும். கேஸ்கெட் ஓரத்தில் விரல் பருமனுக்குப் பீய்ச்சினால் அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும், ஏனென்றால் அதன் கணக்கில் அது சாதாரண வரத்து. இது தெரியாமல் "தானா மூடிக்கும்" என்று நிற்கும் ஆபரேட்டரைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன். அவசர வால்வுப் பொத்தானை அழுத்த யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று எழுதி ஒட்டியிருப்போம். வாயாலும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் அரை நாள் நிரப்பல் நின்றுபோகும், மேலாளர் கேட்பார் என்ற தயக்கம் ஊழியர்கள் மனதில் எப்போதும் உண்டு. வீணாக அழுத்தியவரை அன்றைக்கு மேலாளர் எப்படி நடத்துகிறார் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்தவர் அழுத்துவார்.

லாரி ஓட்டுநர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் ராத்திரி முழுக்க ஓட்டி வந்து, வரிசையில் காத்து நிற்பார்கள். பசிக்கும். வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் அரிசி, பருப்பு, சின்ன ஸ்டவ் எல்லாம் இருக்கும். முழுச் சரக்கோடு நிற்கும் வண்டியின் நிழலில் சோறு பொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். திட்டினால் அடுத்த தடவை இன்னும் மறைவாகப் பொங்குவார்கள். நுழைவாயிலுக்கு வெளியே, காற்றுத் திசை பார்த்து, குளியலறையும் மலிவு விலை உணவும் உள்ள ஓய்வறை கட்டினால் அடுப்பு தானே அணைந்துவிடும். தீத்தடுப்புக் கருவி வாங்கப் பணம் கேட்டால் உடனே தருபவர்கள், ஓய்வறைக்கு என்றால் கோப்பைத் திருப்பி அனுப்புவார்கள். தீத்தடுப்புக்குள் சாம்பாரும் அடங்கும் என்று எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை.

சுவருக்கு வெளியே தீ எங்கிருந்து வரும்? அறுவடை முடிந்தால் ராத்திரியிலும் இயந்திரம் வயலில் ஓடும்; அதன் புகைக்குழாயில் பொறி வரும். வைக்கோல் கட்டும் இயந்திரம் வரும். எலி வளையில் புகை போடுபவர்கள் வருவார்கள். மூங்கிலை வளைத்து வைக்கும் தஞ்சாவூர்க் கிட்டியால் எலி பிடிப்பவர்கள் எங்களுக்கு உற்ற நண்பர்கள். நெருப்பில்லாமல் வேலை முடிகிறது. தீபாவளி ராக்கெட், கார்த்திகைச் சொக்கப்பனை, வரப்பில் உட்கார்ந்து பீடி. இவற்றைத் தடைசெய்து பலகை நடுவது எளிது. அறுவடைக்கு முன்பு இயந்திர உரிமையாளரிடம் போய், புகைக்குழாயில் பொறித்தடுப்பான் மாட்டச் சொல்லி, அதை நாமே வாங்கியும் கொடுப்பது பலகையைவிடப் பயன் தரும்.

கசிவு நடந்தே விட்டது என்றால்? இரண்டு நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பாடம் நடத்துவதுண்டு. 2012 ஆகஸ்ட் 27 இரவு, கேரளத்தில் கண்ணூரை அடுத்த சாலாவில் டேங்கர் ஒன்று சாலைத் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. வாயு குடியிருப்புகளுக்குள் பரவித் தீப்பிடித்தது. 20 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 3 அதிகாலை, கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில், உப்பிலிபாளையம் அருகே திரும்பும்போது டேங்கரின் தொட்டி வண்டியிலிருந்து கழன்று சாய்ந்தது. 18 டன் சரக்கு, கசிவு. தீயணைப்பு வீரர்கள் இடைவிடாமல் தண்ணீர் அடித்து வாயுவைக் கலைத்தார்கள். சுற்று வட்டாரத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது, மின்சாரம் துண்டிக்கப்பட்டது, அருகிலிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. கிரேன் வைத்துத் தொட்டியைத் தூக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். தீ பிடிக்கவில்லை, உயிர்ச்சேதம் இல்லை. மறுநாள் பத்திரிகைகளில் அது ஒரு நாள் செய்தி. வெடித்திருந்தால் ஒரு மாதம் எழுதியிருப்பார்கள். தொழில் தெரிந்தவர்களுக்கு அந்த அதிகாலைதான் பெரிய செய்தி: யாரும் வீரம் காட்டவில்லை, ஒவ்வொருவரும் அவரவர் வேலையை வரிசைப்படி செய்தார்கள்.

வீரம் இந்தத் தொழிலுக்கு ஆகாது. எரிந்துகொண்டிருக்கும் கசிவைக் கண்டால் எவருக்கும் கை பரபரக்கும், அணைத்துவிட வேண்டும் என்று. வாயுவை நிறுத்த வழியில்லாமல் தீயை மட்டும் அணைத்தால், எரிந்து தீர்ந்துகொண்டிருந்த வாயு இப்போது எரியாமல் பரவும். சற்றுத் தள்ளிப் பெரிதாகப் பிடிக்கும். எனவே எரியவிடு, சுற்றியுள்ள இரும்பைக் குளிரவை, மூலத்தை மூடப் பார். மூட முடியாமல் தொட்டியின் மேல்பாதியில் தீ நாக்கு படுகிறது, தண்ணீரும் எட்டவில்லை என்றால், ஓடு. இந்தக் கடைசிச் சொல்லை ஒத்திகைகளில் யாரும் சொல்லித் தருவதில்லை. கேட்க நன்றாக இருக்காது. ஃபெய்சானில் நின்றவர்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

மெக்சிகோ நகரத்தின் ஓரத்தில் சான் ஹுவானிகோ என்ற இடத்தில் 1984 நவம்பர் 19 விடியற்காலையில் ஒரு குழாய் உடைந்தது. உருண்டைத் தொட்டிகளும் நீளத் தொட்டிகளுமாக 54. ஒன்றின் தீயில் மற்றொன்று வெடித்து, சுவரை ஒட்டிக் குடியிருந்த ஏழைகள் சுமார் 500 பேர் இறந்தார்கள். சரியாக இரண்டு வாரத்தில் போபால் நடந்தது; உலகம் முந்தையதை மறந்தது. நம் எண்ணெய்த் துறை மறக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்: தொட்டிகளைத் திறந்தவெளியில் நிறுத்தாமல் மண்மேட்டுக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் பின்னாளில் இங்கேயும் பரவியது. தீ நாக்கு இரும்பைத் தொடவே முடியாது என்பதால் நல்ல ஏற்பாடு. டெல்டாவில் அதற்கும் ஒரு கண்டிப்பு வேண்டும். கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வரும் மண். வெள்ளக் காலத்தில் பாதி காலியாக இருக்கும் தொட்டியை நிலத்தடி நீர் மேலே தூக்கப் பார்க்கும். அடித்தளத்தோடு இறுக்கிக் கட்ட வேண்டும், மேடு கரைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரத்தை நம்பிய தீயணைப்புப் பம்பு அந்த வாரங்களில் வெறும் காட்சிப் பொருள். டீசலில் ஓடும் பம்பும், அதற்கு வேண்டிய டீசலும், அதைக் கிளப்பத் தெரிந்த ஆளும் வேண்டும்.

ஆனால் இதெல்லாம் சுவருக்கு உள்ளே. வெளியே இருப்பவர்களோடு நமக்குப் பேச்சு உண்டா என்பதுதான் டெல்டாவில் பெரிய கேள்வி. 2017 ஜூன் 30 அன்று திருவிடைமருதூர் வட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி.யின் எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டது. மாவட்ட ஆட்சியர் வந்து பார்க்க வேண்டும் என்று ஊர் மக்கள் மறித்து நின்றார்கள். வைக்கோலில் தீ, தடியடி, கைது என்று அன்றைய நாள் போனது. அதன்பின் மாதக்கணக்கில் போராட்டம். அது எண்ணெய், எரிவாயுத் தொட்டி அல்ல. கசிந்த அளவைக் குழாய்த் தொழில் தெரிந்தவர்கள் சிறியது என்றே சொல்வார்கள். அவர்களுக்குப் புரியாதது, சோறு போடும் வயலில் ஒரு சொட்டு எண்ணெயும் சிறியதல்ல என்பது. கசிந்த பிறகு முதல் தடவையாக ஊரோடு பேசப் போனால் யார் கேட்பார்கள்? 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் ஆனதற்குப் பின்னால் இந்தக் கோபமும் உண்டு.

எரிவாயு நிலையத்தின் மேல் மக்களுக்கு அந்தக் கோபம் இல்லை. வீட்டுக்கு வீடு சிலிண்டர் போகிறது. அதனாலேயே நிலையத்தார் ஊரோடு பேசும் அவசியத்தை உணர்வதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வெளி ஒத்திகை நடக்கும். வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு, பந்தல் போட்டு. சைரன் ஊதும், புகைக்குண்டு எரியும், இருவரைத் தூக்குப் படுக்கையில் கொண்டு போவார்கள். டீ, மிக்சர், அறிக்கை. ஊர்க்காரர்கள் சுவருக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள்தான் உண்மையில் ஓட வேண்டியவர்கள் என்பது யாருக்கும் உறைக்காது. ஏறி இறங்கி ஊளையிடும் சைரன் ஆபத்து, ஒரே சீராக ஒலித்தால் ஆபத்து நீங்கியது என்பதுகூட அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்காது. ஒத்திகை மார்கழி மாதம் அதிகாலை நாலு மணிக்கு நடக்க வேண்டும் என்பது என் கட்சி. நான் கேட்ட இடங்களில் சிரித்தார்கள்.

எனவே ஊரைக் கேட்கிறேன். 1989ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகளின்படி, விபத்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்து என்ன, அப்போது என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியது நிலையத்தின் கடமை. அவர்கள் விருப்பம் அல்ல. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எரிவாயு நிலையம் இருந்தால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். சைரனுக்கு என்ன பொருள், காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்த மேட்டுக்குப் போவது, ராத்திரியில் யார் யாருக்குப் போன் செய்வது. வாய்க்காலில் மடை திருப்புகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாற்றம் தெரிந்தால் பைக்கைக் கிளப்பாதீர்கள், ஸ்விட்சைத் தொடாதீர்கள், தாழ்வான பக்கம் போகாதீர்கள். நடந்து மேட்டுக்கு வந்தபிறகு போனை எடுங்கள். வீட்டுச் சிலிண்டர் கசிவுக்கு 1906; இரவும் பகலும் எடுப்பார்கள். தீ என்றால் 101 அல்லது 112.